யார் வீட்டு விருந்தாளி

ஓய்வு பெற்ற பிறகும் அவரை எல்லோரும் ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் அழைத்தார்கள். அழைக்க மறந்தவர்களுக்கு அவரே நினைவூட்டிவிடுவார்.

அன்று காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இருக்கைக்குச் சாய்மானம் இருந்தது. அவர் முதுகு அதைத் தொடவில்லை.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. மூத்த மகளின் பிரசவத்துக்காக அவள் பெரியவள் வீட்டுக்குப் போனதிலிருந்து, வீட்டில் பேச்சுத் துணைக்கு அவரும் சுவர்க் கடிகாரமும்தான்.

"எங்கேங்க இருக்கீங்க? ஒரே சத்தமா இருக்கு."

"ரயில்ல."

"ரயில்லயா? எங்க போறீங்க?"

"சும்மா."

"சும்மா ரயில் ஏறுற ஆளா நீங்க? பிளாட்பாரத்துல சும்மா நிக்கிறவனையே விரட்டுவீங்களே."

"ஒரு வேலை இருக்கு."

"இன்னிக்குச் சின்னவ காலேஜ்ல வீட்டார் நாள். அந்த வேலைதானே?"

"அப்படியா? எனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைதானே போட்டிருக்கீங்க?"

அவர் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். "சிக்னல் சரியில்ல," என்று சொல்லிப் போனை மடியில் கவிழ்த்தார்.

கவிழ்த்த போனுக்குள்தான் அந்தச் செய்தியும் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் சின்னவள் அனுப்பியது. அவருக்கு அது மனப்பாடம்.

'அப்பா, கட்டடப் பொறியியலை விட்டுவிட்டேன். பேச்சுப் பயிற்சித் துறைக்கு மாறிவிட்டேன். முதலில் சிகிச்சைக்குத்தான் அங்கே போனேன். பிறகு அதையே படிக்கத் தோன்றியது. இனி எதையும் மறைக்கப் போவதில்லை.'

'அப்பா' என்று தொடங்கியிருந்தாள். எழுத்தில் அந்தச் சொல் அவளுக்கு ஒருநாளும் தடுக்கியதில்லை.

அவர் பதிலுக்கு ஒரே வரி எழுதினார். 'மறைத்தது யாருக்காக என்று யோசித்துப் பார். இனி அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.'

அதற்குப் பிறகு அவளும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை. சிக்னல் விழாத இரண்டு ரயில்கள் போல நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

சின்னவளுக்குப் பேச்சு திக்கும். அந்த வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "அவளுக்குப் பேச்சு கொஞ்சம் நிதானம்," என்பார் அவர். அந்த நிதானமும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். டாக்டர் அவளைக் கேட்டால் அவர் பதில் சொல்வார். பள்ளியில் அவளைக் கேட்டால் அவர் பதில் சொல்வார். பெரியவள் கல்யாணத்தில் சம்பந்தியம்மாள் சின்னவளின் மோவாயைப் பிடித்து, "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டபோது, மணமேடைப் பக்கம் இருந்தவர் எப்படித்தான் அங்கே வந்தாரோ, "கட்டடப் பொறியியல். கூச்ச சுபாவம்," என்று பாதி வாக்கியத்திலேயே முடித்துவைத்தார்.

எந்த எழுத்தில் அவள் நிற்பாள் என்று அவருக்கு அத்துபடி. மற்ற எழுத்துகளிலாவது தள்ளாடிக் கரை சேர்ந்துவிடுவாள். 'அ'வில் அப்படியே நின்றுவிடும். மோவாய் மேலே போகும். இடது கை பாவாடை ஓரத்தைத் தேய்க்கும்.

அதனால் அவள் அவரைக் கூப்பிட்டதே இல்லை. கதவு நிலையில் விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டுவாள். டொக், டொக். அவர் திரும்பிவிடுவார். எவ்வளவு முக்கியமான வேலையில் இருந்தாலும் திரும்பிவிடுவார். கூப்பிட வேண்டிய கஷ்டம்கூட இல்லாமல் மகளை வளர்த்திருக்கிறோம் என்று அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

*

பல்கலைக்கழகம் என்று பெயர் பெரிதாக இருந்ததே தவிர, நான்கு கட்டடங்களும் ஒரு மைதானமும்தான். ஒருவர் தும்மினால் எல்லோருக்கும் கேட்கும் அளவு இடம். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கைக்குட்டை அளவு காகிதக் கொடிகள் தொங்கின. பெற்றோர்கள் பிள்ளைகளின் தோளைப் பிடித்தபடி உள்ளே போனார்கள். தனியாக வந்தவர் அவர் ஒருவர்தான்.

வாசலில் ஒரு மாணவி நின்று ஒவ்வொருவராக வரவேற்றாள்.

"வாங்க சார். நீங்க யாரோட வீட்டார்?"

'ஒல்லியா, நிமிர்ந்து நடப்பாளே, அவளோட அப்பா' என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ரயிலிலேயே ஒத்திகை பார்த்த வாக்கியம். அப்போதுதான் அந்த மாணவியின் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த பலகை கண்ணில் பட்டது.

மாணவர் மன்றங்கள் என்று தலைப்பு. மலையேறும் மன்றம், சதுரங்க மன்றம், நாடக மன்றம். நடுவில், மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில், 'திக்கிப் பேசுவோர் மன்றம்'. அதன் கீழே தலைவி என்று ஒரு புகைப்படம். அவர் மகள். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்துக்குக் கீழே அவள் கையெழுத்தில் இரண்டு வரி. 'எங்கள் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். காத்திருங்கள்.' அதற்கும் கீழே, 'இந்த வருடம் கஷ்டமான எந்தச் சொல்லையும் சுலபமான சொல்லாக மாற்றிச் சொல்ல மாட்டேன். எவ்வளவு நேரம் ஆனாலும்.'

இத்தனை வருடம் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துக் காத்த ஒன்றை, போகிற வருகிறவர்கள் எல்லாம் படிக்கும்படி வாசலிலேயே மாட்டி வைத்திருந்தார்கள்.

"சார்? யாரோட..."

"யாரோடவும் இல்ல," என்றார். "ரயில்வே. இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"அதனால என்ன சார், வாங்க. இன்னிக்கு வர்ற எல்லாருக்கும் சாப்பாடு உண்டு," என்று அந்தப் பெண் அவரை ஜன்னலோர மேசைக்கு அழைத்துப் போனாள். மறுக்கலாம் என்று நினைத்தார். வாசல்வரை வந்துவிட்டு ஓடினால் அது இன்னும் கேவலம் என்று உட்கார்ந்தார்.

மேசையில் ஏற்கெனவே ஒரு பேக்கரிக்காரர், பக்கத்தில் அவர் மகன். பேக்கரிக்காரருக்கு வாய் அடுப்பு மாதிரி, ஒருநாளும் அணைவதில்லை.

"நீங்க யாரோட அப்பா சார்?"

"நான் வேலையா வந்தவன்."

"அட, வேலையா வந்த இடத்துல விருந்தா? கொடுத்து வச்சவர். நான் மூணாவது வருஷம் இப்பத்தான் உள்ள வர்றேன். போன ரெண்டு வருஷமும் கடையை விட்டு வர முடியல. இவன் நீல ஏப்ரன் கட்டிக்கிட்டுப் பரிமாறினானாம்."

"பரிமாறினானா? ஏன்?"

"அது இங்க ஒரு வழக்கம் சார். யார் வீட்லேருந்து ஆள் வரலையோ, அந்தப் பிள்ளைங்க தனியா உக்காந்து அழக்கூடாதுன்னு, மத்தவங்க வீட்டு ஆளுங்களுக்குப் பரிமாறணும். சாப்பாடு முடிஞ்சதும் ஒவ்வொருத்தரும் எழுந்து தங்க விருந்தாளியை அறிமுகப்படுத்தணும். உங்களை மாதிரி ஆள் இல்லாத ஆள்னு வச்சுக்கோங்க, அவங்களை அந்த மேசைக்குப் பரிமாறின பிள்ளை அறிமுகப்படுத்தும்."

ஸ்டேஷன் மாஸ்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அத்தனை மேசைகளுக்கு நடுவே நீல ஏப்ரன்கள் ஐந்தாறு. ஒன்று அவரை நோக்கி வந்தது. கையில் சூப் பாத்திரம்.

அவள் நடை அவருக்குத் தெரியும். நிமிர்ந்த முதுகு. அது அவர் முதுகு.

அவளும் பார்த்துவிட்டாள். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். ஒரு கணம் அந்த முகம் வாசல் புகைப்படத்து முகமாக மாறத் தொடங்கியது. கதவு நிலையைத் தேடுவதுபோல அவள் விரல்கள் பாத்திரத்தின் ஓரத்தில் மடங்கின.

வாசல் பெண் குறுக்கே வந்தாள். "இந்த சார் யாரோட வீட்டாரும் இல்லையாம்டி. ரயில்வே வேலையா வந்தாராம். நீதான் இவரைப் பாத்துக்கணும்."

சின்னவள் அவரைப் பார்த்தாள். இல்லை என்று அவர் சொல்வதற்கு நேரம் இருந்தது. வேண்டிய அளவு இருந்தது. அவர் தண்ணீர் டம்ளரைச் சற்று நகர்த்தி வைத்தார்.

"அப்படியா," என்றாள் அவள். அந்த 'அ' எங்கேயும் நிற்கவில்லை.

பிறகு குனிந்து, "சூப் ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள்.

"கொஞ்சமா."

"சூடா இருக்கு. பாத்து."

"சரி."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசியது இவ்வளவுதான். பேக்கரிக்காரர் ரொட்டியைப் பிய்த்து, "ரொட்டி நம்ம கடை மாதிரி இல்ல," என்றார்.

*

அவர் சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு அவள் போகும் மேசையெல்லாம் கண்ணால் போனார்.

அவள் பேசினாள். அதுதான் அவருக்கு ஆச்சரியம். அடுத்த மேசையில் ஒரு பெரியவரிடம் பேசும்போது சொல் நின்றது. மோவாய் மேலே போனது. ஸ்டேஷன் மாஸ்டரின் தொண்டை தானாக அசைந்தது. அந்தப் பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல் வந்தது. பெரியவர் பதில் சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

இவ்வளவுதானா விஷயம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியதும் கோபம் வந்தது. யார்மீது என்று தெரியாத கோபம்.

சாப்பாடு முடிந்தது. மாணவர் நல அதிகாரி எழுந்து கை தட்டினார். நரைத்த குட்டை முடி, உரத்த குரல். "ஆரம்பிக்கலாமா? யார் முதல்ல?"

ஒருவன் எழுந்து, "இவங்க எங்க அம்மா. என்னைத் திட்டறதுக்கு ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க," என்றான். கூடம் சிரித்தது. ஒரு பெண் தன் தம்பியை அறிமுகப்படுத்திவிட்டு அழுதாள். பேக்கரிக்காரரின் மகன், "இவர் எங்க அப்பா," என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். "அவ்வளவுதானாடா?" என்றார் பேக்கரிக்காரர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஜன்னலோரம் ஒரு விருந்தாளி இருக்காரே," என்றார் நல அதிகாரி.

சின்னவள் வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். ஒரு கை நாற்காலியின் முதுகில். அவருடைய முதுகுக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"இவர்..." என்றாள்.

நின்றது.

எதிரே ஜன்னல் கண்ணாடியில் அவள் நிழல் தெரிந்தது. மோவாய் மேலே போயிருந்தது. இடது கை ஏப்ரன் ஓரத்தைத் தேய்த்தது. அது எந்த எழுத்து என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. இந்த உலகத்தில் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த அடையாளம் அது.

கூடம் முழுவதும் காத்திருந்தது. பழகிய காத்திருப்பு, யாரும் இருமக்கூட இல்லை. ஓர் ஓரத்து மேசையில் நான்கைந்து பிள்ளைகள் அவளையே பார்த்தபடி முன்னால் சாய்ந்திருந்தார்கள். அவளுடைய மன்றத்துப் பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

பேக்கரிக்காரர் ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை. "அதிகாரின்னு சொல்ல வர்றியாம்மா? ரயில்வே அதிகாரி. சரியா?" என்றார், நல்ல மனதோடு.

"பொறுங்க," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

குரல் பழைய குரல். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும் குரல்.

"அவங்க சொல்லுவாங்க. நீங்க முடிக்காதீங்க."

பேக்கரிக்காரர் வாயை மூடிக்கொண்டார். கண்ணாடியில் சின்னவளின் நிழல் குனிந்து அவர் தலையின் பின்புறத்தைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. அவர் திரும்பவில்லை. சொல்லிவிடு என்று மனதுக்குள் சொன்னார். என் பொய் உடைந்தால் உடையட்டும், சொல்லிவிடு.

மோவாய் மெல்லக் கீழே இறங்கியது. தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"இவர் ஸ்டேஷன் மாஸ்டர்," என்றாள். "ஒரு ரயிலையும் தாமதமா அனுப்பினதில்ல."

ஒரு திக்கல் இல்லை. தண்ணீர் மாதிரி வந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். ஓரத்து மேசைப் பிள்ளைகள் மட்டும் தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நல அதிகாரியின் முகத்திலும் ஒரு கேள்வி வந்து நின்றது. தலைவி சொல்லை மாற்றிவிட்டாள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எந்தச் சொல்லை என்றுதான் தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது.

சின்னவள் அவர் முன்னால் இருந்த சூப் கிண்ணத்தை எடுத்தாள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. "ஆறிப் போச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் போனாள்.

*

மைதானத்து ஓரம் ஒரு பெஞ்சு. பெற்றோர்கள் பிள்ளைகளோடு புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் அவரிடமே போனை நீட்டி, "சார், ஒண்ணு எடுங்க," என்றது. எடுத்துக்கொடுத்தார். எல்லோரும் நேராக இருக்கிறார்களா என்று சரிபார்த்து எடுத்துக்கொடுத்தார்.

அவருடைய போன் அதிர்ந்தது.

"பாத்தீங்களா அவளை?" என்றாள் மனைவி.

"பாத்தேன்."

"பேசினாளா?"

"பேசினா. எல்லார் முன்னாடியும்."

"எல்லார் முன்னாடியுமா? என்ன பேசினா?"

"என்னை ஸ்டேஷன் மாஸ்டர்னு சொன்னா."

மனைவியின் குரல் தணிந்தது. "ஏங்க, நீங்க அங்க யாருன்னு சொல்லிக்கிட்டுப் போனீங்க?"

முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் சிக்னல் சரியில்லை என்று இரண்டாவது முறை சொல்ல முடியவில்லை.

"வேலையா வந்தேன்னு சொன்னேன்."

"அவ காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் அவ வேற என்னங்க சொல்லுவா? உங்க பொண்ணு இல்லையா?"

போன் அணைந்த பிறகும் அவர் அதைக் காதிலேயே வைத்திருந்தார். குடும்ப மானம் என்று அவர் எத்தனையோ பேரை எதிர்த்து நின்றிருக்கிறார். தன் மானத்தைத் தூக்கிப் போட்டு அவர் மானத்தை இன்னொருவர் காத்தது இதுதான் முதல் தடவை. மாற்ற மாட்டேன் என்று ஊரறிய எழுதி வைத்தவள், ஊர் பார்க்க மாற்றினாள். சொல் வராமல் இல்லை. இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் வந்திருக்கும். அவர் கண்ணாடியில் பார்த்தார்.

திரும்பிப் போகும் ரயிலுக்கு நேரம் நெருங்கிவிட்டது. எழுந்தார். கால்கள் வாசல் பக்கம் போகவில்லை.

சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் அறை. கதவு திறந்திருந்தது. உள்ளே நீல ஏப்ரன்கள் எல்லாம் ஆணியில் தொங்கின, ஒன்றைத் தவிர. சின்னவள் தனியாகத் தொட்டியின் முன்னால் நின்று கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். குழாய் முழு வேகத்தில் ஓடியது.

அவர் நிலைப்படியில் நின்றார். கூப்பிட வாயைத் திறந்தார்.

வரவில்லை.

எத்தனை ரயில்களைக் குரலால் நிறுத்தியவர். அவள் பெயர் தொண்டைவரை வந்து அப்படியே நின்றது. மோவாய் தன்னை அறியாமல் மேலே போனதை அவரே உணர்ந்தார். யாராவது முடித்துத் தந்தால் தேவலை போலிருந்தது. யாரும் இல்லை.

தூரத்தில் அவருடைய ரயில் கூவியது. வண்டி சரியான நேரத்துக்குத்தான் கிளம்புகிறது என்று மனதின் ஒரு மூலை கணக்கு வைத்தது.

அவர் விரலை மடக்கினார். கதவு நிலையில் கணுவால் தட்டினார்.

டொக், டொக்.

குழாய் நின்றது.

அவள் இன்னும் திரும்பவில்லை. ஈரக் கையில் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். ஸ்டேஷன் மாஸ்டர் மறுபடி தட்டவில்லை. காத்திருந்தார்.